நோட்டில் இருந்த ஓவியத் தம்பதி

கரன்சி நோட்டில் ராஜா இருப்பார், தலைவர் இருப்பார். கணவனும் மனைவியுமாக இரண்டு ஓவியர்கள்? டென்மார்க் 1998-ல் வெளியிட்ட 1000 குரோனர் நோட்டில் இருந்தார்கள். மிக்கேல் ஆங்கர், ஆனா ஆங்கர். காமர்ஸ் மாணவனான எனக்கு இவர்கள் அறிமுகமானதே அந்த நோட்டால்தான். 2025 மே 31-க்குப் பிறகு அது செல்லாது என்று அந்நாட்டு மத்திய வங்கி அறிவித்துவிட்டது. அவர்கள் வாழ்ந்த வீடு மட்டும் அருங்காட்சியகமாக இருக்கிறது.

நாட்டின் வடகோடியில் ஸ்காகன் என்றொரு மீனவர் ஊர். 1870-களில் அங்கே ஓவியர்கள் வரத் தொடங்கினார்கள். மிக்கேல் வந்தது 1874-ல். ஆனா உள்ளூர்ப் பெண். ஓவியர்கள் தங்கிய புரோண்டும் விடுதி அவருடைய குடும்பத்தினுடையது. 1880-ல் கல்யாணம்.

மிக்கேல் கோபன்ஹேகன் ராயல் அகாடமியில் படித்தவர். ஆனாவுக்கு அந்த வாசல் கிடையாது, அப்போது பெண்களைச் சேர்க்க மாட்டார்கள். தனியார் ஓவியப் பள்ளி ஒன்றில்தான் கற்றார். கல்யாணம் ஆனதும் வீட்டைப் பார்த்துக்கொண்டால் போதும் என்று ஊர் எதிர்பார்த்தது (எல்லா ஊரும் ஒன்றுதான் போல!). அவர் தூரிகையை விடவில்லை. 1883-ல் மகள் ஹெல்கா பிறந்தாள். அதே வருடம் கணவனும் மனைவியும் ஒரே படத்தைச் சேர்ந்து வரைந்தார்கள். அன்றைய வேலை எப்படி வந்திருக்கிறது என்று இருவரும் உட்கார்ந்து பார்க்கும் காட்சி. எத்தனை ஓவியர்கள் தன் படத்தில் இன்னொருவர் கைவைக்கச் சம்மதிப்பார்கள்?

மிக்கேல் வரைந்தது புயலையும் படகையும் பார்த்த முரட்டு மீனவர்களை. ஆனா வரைந்தது சுவரில் விழும் வெயிலை. 1891-ல் அவர் வரைந்த நீல அறைப் படத்தில் சிறுமி ஹெல்கா உட்கார்ந்து கைவேலை செய்கிறாள், ஜன்னல் வெளிச்சம் சுவரில் விழுகிறது, அவ்வளவுதான். புயலை விட அந்த வெயில்தான் எனக்குப் பிடித்தது.

மார்க்வே தெருவில் உள்ள வீட்டுக்கு 1884-ல் குடிவந்தார்கள். 1913-ல் பெரிய ஓவியக்கூடம் ஒன்றைச் சேர்த்துக் கட்டினார்கள். மிக்கேல் 1927-லும் ஆனா 1935-லும் காலமானார்கள். ஹெல்காவும் ஓவியர்தான். 1964-ல் இறந்தபோது வீட்டையும் அதிலிருந்த அத்தனையையும் ஓர் அறக்கட்டளைக்கு விட்டுச்சென்றார். 1967-ல் கதவு திறந்தது. நாற்காலி, மேசை, வண்ணங்கள், சுவர் நிறைய அவர்களும் நண்பர்களும் வரைந்த படங்கள் என்று எல்லாம் அங்கேயே இருக்கின்றன.