சிலிண்டர் விட்டமும் ஒரு பழைய வரியும்: எம்ஜிபி என்ஜினின் வரலாறு

பிரிட்டனின் எம்ஜிபி ஸ்போர்ட்ஸ் காரைப் புதுப்பிப்போர், அதன் 1798 சிசி என்ஜினை 1950 சிசியாகப் பெருக்குவது நெடுங்கால வழக்கம். சிலிண்டரின் உள்விட்டம் 80.26 மில்லிமீட்டரிலிருந்து ஏறத்தாழ 83.5 ஆகக் கடையப்பட்டு, பெரிய பிஸ்டன்கள் பொருத்தப்படும். பிஸ்டன் ஏறியிறங்கும் தூரம் மட்டும் 88.9 மில்லிமீட்டராகவே நிற்கும். அகலத்தில் இத்தனை இடங்கொடுக்கும் இந்த என்ஜினின் வடிவத்துக்குப் பின்னால் ஒரு வரிச்சட்டம் இருக்கிறது.

1921 முதல் பிரிட்டனில் காருக்கான வரி குதிரைத்திறன் ஒன்றுக்கு ஒரு பவுண்டு. அந்தக் குதிரைத்திறன் சோதனையில் அளக்கப்பட்டதன்று. அங்குலத்தில் உள்ள சிலிண்டர் விட்டத்தின் வர்க்கத்தைச் சிலிண்டர்களின் எண்ணிக்கையால் பெருக்கி, 2.5 ஆல் வகுத்துக் கணக்கிடப்பட்டது. பிஸ்டனின் பயணத் தூரத்துக்கு அக்கணக்கில் இடமே இல்லை. எனவே குறுகிய, நெடிய சிலிண்டர்களே தயாரிப்பாளருக்கு ஆதாயம். 1947-இல் வெளிவந்த ஆஸ்டின் ஏ40 டெவனின் 1200 சிசி என்ஜின் அம்மரபின் வாரிசு: விட்டம் 65.48, தூரம் 88.9. மறு ஆண்டிலேயே புதிய கார்களுக்கு ஒரே சீரான வரி வந்துவிட்டது. வரி போயிற்று, அது விட்டுச்சென்ற வடிவம் தங்கிவிட்டது.

இந்த என்ஜினிலிருந்து கிளைத்ததே பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷனின் பி வரிசை. 1955-இல் எம்ஜிஏ காரில் அது 1489 சிசி, 1959-இல் 1588, 1961-இல் 1622, 1962-இல் எம்ஜிபி வந்தபோது 1798. எல்லாவற்றிலும் 88.9 மாறவே இல்லை. பதினைந்து ஆண்டுகளில் கொள்ளளவு ஒன்றரை மடங்கானது முழுவதும் விட்டத்தால் மட்டுமே. அதற்கொரு விலையும் இருந்தது. 1798-இல் சிலிண்டர்கள் இணையிணையாக ஒட்டி வார்க்கப்பட்டன. இணைக்குள் குளிர்நீர் ஓட இடைவெளி இல்லை. கிராங்க் தண்டைத் தாங்கிய மூன்று பேரிங்குகளும் 1964-இல் ஐந்தாக்கப்பட்டன.

இதே 1489 சிசி என்ஜின்தான் 1959 முதல் வங்காளத்தின் உத்தரபாராவில் உருவான அம்பாசடரிலும் இடம்பெற்றது. ஸ்போர்ட்ஸ் காரின் உடன்பிறப்பு இந்தியாவில் டாக்சியாகவும் அரசு வாகனமாகவும் உழைத்தது. இங்கே சிலிண்டர் கடைவது வேகத்துக்காக அன்று. தேய்மானத்துக்கு மருந்தாகவே 'போரிங்' என்ற சொல் பட்டறைத் தமிழில் நிலைபெற்றது.

தேய்மானத்துக்கான கடைசலுக்கும் ஆற்றலுக்கான கடைசலுக்கும் இடையில் கோடு கிழிப்பது எளிதன்று. தேய்ந்த எம்ஜிபி சிலிண்டரை அங்குலத்தின் ஆயிரத்தில் அறுபது பங்கு கடைந்தாலே 1868 சிசி ஆகிவிடும். பழுதுபார்ப்பே கொள்ளளவுப் பெருக்கமாகவும் முடிகிறது. தொழிற்சாலையே நான்கு முறை செய்ததைப் புதுப்பிப்பவர் ஐந்தாம் முறை செய்கிறார் என்ற வாதத்தில் நியாயம் உண்டு. ஆனால் ஒவ்வொரு கட்டத்திலும் தொழிற்சாலை புதிய பிளாக்குகளை உருவாக்கியது. புதுப்பிப்பவர் கையில் இருப்பதோ இருக்கிற ஒன்றைச் சுரண்டும் கருவி.

பழைய ஊர்திகளைப் பேணுவதற்கான ஃபிவா அமைப்பின் டுரின் சாசனம், மாற்றங்கள் இயன்றவரை மீட்கத்தக்கவையாக இருக்க வேண்டும் என்கிறது. கார்புரேட்டரையோ கேம் தண்டையோ மாற்றினால் பழையதைப் பெட்டியில் வைத்துக் காக்கலாம். கடைந்தெடுத்த இரும்பை அவ்வாறு வைக்க இயலாது. லைனர் பொருத்தினால் பழைய அளவு திரும்பும், பழைய சுவர் திரும்பாது. 1950 சிசி வரை சென்ற பிளாக்கில் மறுமுறை கடைவதற்கான உலோகமும் அநேகமாக மிஞ்சுவதில்லை. ஆற்றல் தேடுவோர் சிலிண்டர் ஹெட்டின் காற்றுவழிகளைச் சீராக்கினால், பிளாக்கைத் தொடாமலே கணிசமாகப் பெறலாம். அவ்வழியே வரலாற்றுக்கு இணக்கமானது எனத் தோன்றுகிறது.

பெருக்கப்பட்ட என்ஜினை வெளியிலிருந்து கண்டறிய வழியில்லை. பிளாக்கில் பதித்த எண் தகடு '18' என்றே தொடங்கும். அது தொழிற்சாலை கொடுத்த 1.8 லிட்டரைக் குறிக்கும்.