பப்பும் கிளப்பும் தேத்தண்ணிக் கடையும்

கொழும்பிலிருந்து இரத்தினபுரி வழியாக மட்டக்களப்பு நோக்கிச் செல்லும் பெருந்தெருவிலிருந்து ஹப்புத்தளை, பண்டாரவளைப் பாதை பிரிகின்ற இடமே பெரகல சந்தி. பனிமூட்டத்தில் பஸ்ஸுக்குக் காத்து நிற்பவர்களுக்கு அங்கே ஒரு பிளேன்டீ பெரும் ஆறுதல். அத்தகைய கடைகளைப் பற்றி எழுத முனைகையில் எனக்கு ஆங்கிலேயரின் 'பப்' நினைவுக்கு வருவது சிலருக்கு வியப்பளிக்கலாம். மது நமக்கு விலக்கப்பட்டது. ஆயினும் ஒரு சமூகம் எங்கே கூடியிருந்து பேசியது, அங்கே யாரை உட்கார விட்டது என்பது வரலாற்றுக்குரிய கேள்வியே.

ஜோர்ஜ் ஓர்வெல் 1946இல் தனக்குப் பிடித்தமான ஒரு பப்பை ஒரு கட்டுரையில் விரிவாக வருணித்துவிட்டு, இறுதியில் அப்படியொன்று இல்லையென ஒப்புக்கொண்டார். பழமையேக்கத்தின் இயல்பே அதுதான். 2000ஆம் ஆண்டளவில் சுமார் 60,000 ஆக இருந்த பிரித்தானியப் பப்களில் ஏறத்தாழ கால்வாசி இன்று இல்லை. அவற்றோடு தமது நாடே கைநழுவிப் போகிறதென அங்கே பலர் வருந்துகின்றனர்.

ஆனால் அந்த நாட்டில் யார் யார் அடக்கம்? 1948 ஜூனில் 'வின்ட்ரஷ்' கப்பலில் மேற்கிந்தியத் தீவினர் பலர் வந்திறங்கினர். அதே ஆண்டின் பிரித்தானியக் குடியுரிமைச் சட்டம் குடியேற்ற நாட்டவரையும் குடிமக்களாக ஏற்றது. சட்டம் ஏற்றவர்களைப் பல பப்கள் ஏற்கவில்லை. 1965இல் மல்கம் எக்ஸ், நிறப்பாகுபாட்டுக்குப் பேர்போன ஸ்மெத்விக் நகருக்கு நேரில் சென்றார். அவ்வாண்டிலேயே பொது இடங்களில் இனப்பாகுபாட்டைத் தடைசெய்யும் சட்டம் வந்தது.

மலைநாட்டுக்கு வந்த துரைமார் தமது ஊர் ஏக்கத்தையும் உடன் கொண்டுவந்தனர். நுவரெலியா ஹில் கிளப் 1876இல் தோன்றியது. பண்டாரவளை ஹோட்டல் 1893இல் துரைமாரின் கூடுமிடமாகவே எழுந்தது. ஹப்புத்தளையில் தோமஸ் வில்லியர்ஸ் கட்டிய மாளிகைக்கு, இங்கிலாந்தின் கென்ட் பிரதேசக் கிராமமான அடிஷாமின் பெயரே சூட்டப்பட்டது. கிளப்புகளில் நம்மவர் நுழைந்தது தட்டேந்தும் பணியாளராகவே. உறுப்பினராவதற்கு நெடுங்காலம் காத்திருக்க வேண்டியிருந்தது.

தொழிலாளிக்குக் கிளப் இருக்கவில்லை. சந்தியில் தேத்தண்ணிக் கடை இருந்தது. அவற்றுட் பல முஸ்லிம்களுடையவை. தென்னிந்தியக் கரையிலிருந்து வந்தவர்களும் உள்ளூர்ச் சோனகரும் அவற்றை நடத்தினர். 1948ஆம் ஆண்டின் இலங்கைப் பிரஜாவுரிமைச் சட்டம் தோட்டத் தொழிலாளரைப் பிரஜைகள் அல்லாதவராக்கியது. பிரித்தானியா கதவைத் திறந்த அதே ஆண்டில் இங்கே கதவு மூடப்பட்டது. 1949இன் பதிவுச் சட்டம் இந்திய, பாகிஸ்தானிய வதிவிடத்தாருக்கென வந்தது. கொழுந்து பறித்தவரைப் போலவே கல்லாவில் இருந்த இந்திய முஸ்லிமும் பத்திரம் தேட வேண்டியவரானார். இந்தப் பங்காளித் துயரத்தை நாம் அதிகம் எழுதியதில்லை.

1964இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கென ஒதுக்கியது. பயணம் புறப்படுமுன் கடன் கொப்பியை மூடிவிட்டு, கடைக்கார நானாவின் கையைப் பிடித்து அழுதவர்களைப் பற்றி மூத்தோர் சொல்லக் கேட்டிருக்கிறேன். எஞ்சியோரின் பிரஜாவுரிமைப் பிரச்சினைக்கு 2003ஆம் ஆண்டுச் சட்டமே பெருமளவு முடிவு கட்டியது. 'இந்தியத் தமிழர்' என்று எழுதப்பட்டவர்கள் தம்மை 'மலையகத் தமிழர்' என அழைக்கின்றனர்.

எமது கடைகளை ஏக்கத்தோடு நினைக்கும்போது ஓர்வெலின் நேர்மை நமக்கும் வேண்டும். அந்த வாங்குகளில் பெண்கள் உட்கார்ந்ததாக எனக்கு நினைவில்லை. நாளெல்லாம் மலையேறிக் கொழுந்து பறித்தவள், தான் பறித்த தேயிலையை அங்கே அமர்ந்து குடித்ததில்லை. இதை மறைத்தால் நாமும் துரைமாரைப் போலவே வரலாறு எழுதியவர்களாவோம்.

2018 பெப்ரவரியில் அம்பாறையில் முஸ்லிம் சாப்பாட்டுக் கடையொன்று தாக்கப்பட்டது. உணவில் கருத்தடை மாத்திரை கலந்ததென்பது வதந்தி. மாவுக்கட்டி என்றது ஆய்வு. ஒருவர் கையால் மற்றவர் வாங்கிச் சாப்பிடும் நம்பிக்கையைத்தான் அன்று உடைத்தார்கள்.

ஒரு நாட்டின் அடையாளம் சட்டப் புத்தகத்தில் மட்டும் இருப்பதல்ல. பெரகல சந்தியில் யாரென்று கேளாமல் நீட்டப்படும் கோப்பையிலும் அது இருக்கிறது. பழைய கடை போனதற்காக அழுவதைவிட, அதன் வாங்கில் இதுவரை இடம் கிடைக்காதவருக்கு இனியாவது இடம் விடுவதே நமக்குள்ள வேலை.