நீ யாரு வீட்டுப் பிள்ளை? - ஒரு ப்ராசஸர் வரலாறு

எங்க தென்காசி, குற்றாலம் பக்கம் தெருவுல புதுசா ஒரு பையனைப் பாத்தா, பெரியவங்க முதல்ல பேரைக் கேக்க மாட்டாங்க. "நீ யாரு வீட்டுப் பிள்ளைடே?"ன்னுதான் கேப்பாங்க. பல ப்ராசஸர் இருக்கிற கம்ப்யூட்டர் கண் முழிக்கும்போதும் கிட்டத்தட்ட இதே கேள்விதான். ஆபரேட்டிங் சிஸ்டம் முதல்ல ஒரு ப்ராசஸர்ல மட்டும் ஓட ஆரம்பிக்கும். மத்தவங்க எத்தனை பேர், யார் யாருன்னு அது கண்டுபிடிச்சாகணும்.

நம்ம நாட்டுக் கதையிலேருந்தே ஆரம்பிப்போம். 1988-ல் புனேயில் விஜய் பட்கர் தலைமையில் சி-டாக் தொடங்கப்பட்டது. 1991-ல் பரம் 8000 வந்தது. உள்ளே இருந்தவை இன்மாஸ் கம்பெனியின் டிரான்ஸ்பியூட்டர் சில்லுகள். ஒவ்வொன்றுக்கும் நாலு லிங்க் உண்டு, ஆனா தனக்குன்னு ஒரு நம்பர் கிடையாது!

தூங்குற டிரான்ஸ்பியூட்டருக்கு லிங்க் வழியா வரும் முதல் பைட் 2 அல்லது அதுக்கு மேல இருந்தா, 'இத்தனை பைட் ப்ரோக்ராம் வருது, வாங்கி ஓட்டு'ன்னு அர்த்தம். எந்த லிங்க் வழியா உசுர் வந்ததுங்கிறது ஒரு ரெஜிஸ்டர்ல இருக்கும். அதாவது யாரு வீட்டுப் பிள்ளைன்னு மட்டும் தெரியும். இதை வெச்சு 'புழு'ன்னு சின்ன ப்ரோக்ராம்கள் எழுதினாங்க. புழு ஒரு சில்லுல நுழைஞ்சு, மிச்ச மூணு லிங்க்லயும் தன்னோட நகலை அனுப்பும். ஐந்தருவி மாதிரி பிரிஞ்சு பாயும், போற வழியில நம்பர் கொடுக்கும். சுத்தி வந்து, ஏற்கெனவே முழிச்ச சில்லையே தட்டினா ரெண்டாவது தடவை எண்ணிடக் கூடாது. சிக்கலே அங்கதான்.

இன்டெல் வழி வேற. 1994-ல் வந்த மல்டிப்ராசஸர் வரையறைப்படி ஒவ்வொரு ப்ராசஸருக்கும் ஏபிக் நம்பர் உண்டு, பயாஸ் அதைப் பட்டியல் போட்டுத் தரும். 1996-ல் வந்த லினக்ஸ் 2.0 இதை நம்பித்தான் மத்த ப்ராசஸர்களை எழுப்பியது. பட்டியல்ல பேர் இருக்கு, சரி. ஆள் வந்தாச்சா?

எழுந்த ப்ராசஸருக்கு அந்த நேரத்துல திரையில எழுதக்கூட வழியில்லை. அதனால முதல் வேலையா மெமரியில 'ஏ5'ன்னு ஒரு குறி வெச்சுட்டுப் போகும். சில விநாடி காத்திருந்தும் பதில் இல்லைன்னா கெர்னல் அந்த இடத்தைப் பார்க்கும். குறி இருந்தா 'ஸ்டக் ??'ன்னு போடும்: ஆள் எழுந்துட்டான், வழியில எங்கேயோ மாட்டிக்கிட்டான். பக்கெட் போட வேண்டியவன் கெர்னலைத் தோண்டணும். குறி இல்லைன்னா 'நாட் ரெஸ்பாண்டிங்': எழவே இல்லை, நம்பரையும் பயாஸ் பட்டியலையும் சந்தேகப்படணும். ஒரே பைட், தேடுற இடம் பாதியாயிடுது!

அடுத்து, எழுந்தவன் தன்னோட ஏபிக் நம்பரைத் தானே படிச்சுக் கையெழுத்துப் போடணும். அந்த நம்பர்ல ஏற்கெனவே ஒருத்தன் இருந்தா கெர்னல் 'ஏற்கெனவே இருக்காரே??'ன்னு அலறிட்டு நின்னுடும். பரம் காலத்துப் புழுவுக்கு இருந்த அதே கவலைதான் :-)

பல கோர் இருக்கிற போர்டு பூட் ஆகாம உங்களைப் படுத்தினா, வேற எதையும் தொடுறதுக்கு முன்னாடி இப்படி ஒரு பைட் குறி வெச்சுப் பாருங்க மக்களே.