உப்பும் நெல்லும்: கண்டி இராச்சியம் காட்டும் பாடம்

கண்டி என்றதும் பலருடைய நினைவில் முதலில் எழுவன தலதா மாளிகையும், எசல விழாவின் யானை ஊர்வலமும், நகரின் நடுவே அமைந்த ஏரியுமே ஆகும். வரலாற்றை நுணுகி நோக்குவோர்க்குக் கண்டி வேறொரு காரணத்தாலும் சிறப்புடையது. பெருஞ்சேனையோ கப்பற்படையோ இல்லாத அந்தச் சிறிய மலைநாட்டு இராச்சியம், போர்த்துக்கேயர், ஒல்லாந்தர், ஆங்கிலேயர் என்னும் மூன்று ஐரோப்பிய வல்லரசுகளின் படையெடுப்புகளையும் தாங்கி, 16ஆம் நூற்றாண்டின் இறுதி தொடங்கி 1815 வரை இருநூறு ஆண்டுகளுக்கு மேலாகத் தன்னுரிமையுடன் நிலைத்திருந்தது. இஃது எவ்வாறு இயன்றது? மலையும் காடும் காத்தன என்பர். அது பாதி உண்மையே. மற்றப் பாதி அந்நாட்டு மக்களின் வயலிலும், வீட்டுத் தோட்டத்திலும், நெற்குதிரிலும் இருந்தது.

கண்டிமீது நிகழ்ந்த படையெடுப்புகள் பலவும் ஒரே மாதிரியாக முடிந்தமை கருதத்தக்கது. 1638ஆம் ஆண்டில் தியோகோ டி மெலோ என்னும் போர்த்துக்கேயத் தளபதி தலைநகருள் நுழைந்தபோது, அங்கே அரசனும் இல்லை, குடிகளும் இல்லை. வெறுமையாகக் கிடந்த நகரைத் தீக்கிரையாக்கித் திரும்பும் வழியில், பேராதனைக்கு அண்மையிலுள்ள கன்னொறுவையில் இரண்டாம் இராசசிங்கனின் படை அவர்களைச் சூழ்ந்துகொண்டது. மார்ச் 28ஆம் நாள் நடந்த அப்போரில் தளபதி மாண்டான். உயிர் தப்பியோர் மிகச் சிலரே. 1765இல் ஒல்லாந்த ஆள்பதி வான் எக் கண்டியைக் கைப்பற்றினான். அவன் கண்டதும் வெற்று நகரமே. அங்கு நிறுத்தப்பட்ட காவற்படை நோயாலும் உணவின்மையாலும் நலிந்து, சில திங்களுக்குள் பின்வாங்க நேர்ந்தது. 1803இல் ஆங்கிலேயர் நுழைந்தபோதும் அதே கதை நிகழ்ந்தது. மழையும் காய்ச்சலும் பசியும் அவர்களை வாட்ட, ஜூன் மாதத்தில் மேஜர் டேவி சரணடைந்தான்; அவனுடைய படையினருட் பெரும்பாலோர் கொல்லப்பட்டனர்.

இம்மூன்று நிகழ்ச்சிகளிலும் படையெடுத்தோர் உணவைக் கடற்கரையிலிருந்து சுமந்து வரவேண்டியிருந்தது. கண்டி மக்களோ நகரை விட்டுக் காட்டுக்குள் சென்றபோதும் உண்பதற்கு வழியுடையவராயிருந்தனர். ஒரு தலைநகரம் வீழ்ந்தால் நாடு வீழ்ந்துவிடும் என்பது ஐரோப்பியர் கணக்கு. அக்கணக்குப் பொய்த்தது, ஏனெனில் நாட்டின் உணவு தலைநகரில் இல்லை. அஃது ஆயிரம் ஊர்களில் பரவிக் கிடந்தது.

அவ்வூர்களின் வாழ்வை நமக்கு நேரிற் காட்டுபவர் இராபர்ட் நொக்ஸ் என்னும் ஆங்கிலேயர். 1660இல் திருகோணமலையை அடுத்த கொட்டியாரத்தில் சிறைப்பட்டு, 1679இல் தப்பிச் செல்லும்வரை கண்டி இராச்சியத்தில் வாழ்ந்த அவர், தாம் கண்டவற்றை 1681இல் இலண்டனில் நூலாக வெளியிட்டார். ஏழு மாதத்தில் விளையும் நெல், ஆறு மாத நெல், ஐந்து மாத நெல், நான்கு மாத நெல், மூன்று மாத நெல் எனப் பலவகை நெல்லை அவர் குறிக்கின்றார். நீர் எவ்வளவு காலம் கிடைக்கும் என்பதை மதிப்பிட்டு, அதற்கேற்ற விதையை உழவர் தேர்ந்தனர். மழை குறைந்தால் குறுங்கால நெல் கைகொடுக்கும். நீர் நின்றால் நெடுங்கால நெல் நிறைய விளையும். பல விதைகளைப் பேணி வைப்பதே அவர்களுடைய காப்பீடாக இருந்தது.

வயலுக்கு மேலே சேனைப் பயிராகக் குரக்கன் விளைந்தது. வீட்டைச் சூழ்ந்த தோட்டத்திலே பலா, தென்னை, கமுகு, கித்துள், வாழை, மிளகு, கிழங்கு வகைகள் யாவும் ஒன்றன் நிழலில் ஒன்றாக வளர்ந்தன. இன்றும் வேளாண் அறிஞர்கள் கண்டி வீட்டுத் தோட்டத்தை உலகிற்கு எடுத்துக்காட்டாகக் கூறுவர். நெல் பொய்த்த ஆண்டில் பலாக்காய் சோறாயிற்று; கித்துள் கருப்பட்டி தந்தது. பலாமரம் ஏழைகளுக்குப் பேருதவி என்பதை நொக்ஸும் எழுதியுள்ளார். நடவும் அறுவடையும் வந்தால் ஒருவர் வயலில் மற்றவர் உழைத்து, அவ்வுழைப்பை மறுபடி உழைப்பாகவே பெற்றுக்கொள்ளும் வழக்கமும் இருந்தது.

இதனைக் கொண்டு அக்காலத்தைப் பொற்காலமெனப் புனைந்துரைத்தல் பொருந்தாது. இராசகாரியம் என்னும் கட்டாய ஊழியம் குடிகளின் முதுகில் பாரமாய் இருந்தது. சாதிக்கட்டு இறுக்கமானது. விதைநெல் இல்லாத எளியவன் வட்டிக்கு நெல் வாங்கினான்; கைதியாயிருந்த நொக்ஸே நெல்லைக் கடன் கொடுத்துப் பிழைத்தவர்தாம்.

அன்றியும், அந்த இராச்சியம் எல்லாவற்றிலும் தன்னிறைவு பெற்றதன்று. உப்பில்லாப் பண்டம் குப்பையிலே என்பது நம் பழமொழி. மலைநாட்டில் உப்பு விளைவதில்லை. அது புத்தளம், சிலாபம், அம்பாந்தோட்டைப் பகுதிகளின் உப்பளங்களிலிருந்து வரவேண்டும். புடைவையும் கருவாடும் அவ்வாறே. மலைநாட்டுப் பாக்கை ஏற்றிச் சென்று உப்பை ஏற்றி வந்தன பொதிமாடுகள். இப்போக்குவரத்திற்கென 'மடிகே' என்னும் தனித் துறையே அரசில் இருந்தது. முஸ்லிம் வணிகர் பலர் அதிற் பணிபுரிந்தனர். தனக்கு இல்லாதது எது என்பதை அறிந்து, அதனைப் பெறும் வழியைப் பேணியமையும் கண்டியின் முன்னேற்பாட்டில் ஒரு பகுதியே.

1766இல் ஒல்லாந்தருடன் செய்த உடன்படிக்கை அந்த வழியை நெரித்தது. கீர்த்தி ஸ்ரீ இராசசிங்கன் இலங்கைக் கரை முழுவதையும் அவர்களுக்கு விட்டுக்கொடுக்க நேர்ந்தது. உப்பளங்களில் உப்பெடுக்கும் உரிமை ஏட்டில் எழுதப்பட்டிருந்தாலும், வாயிற் கதவின் திறவுகோல் பிறர் கைக்குப் போய்விட்டது. ஆயினும் கண்டி வீழ்ந்தது உப்பின்மையால் அன்று. இறுதி மன்னனாகிய ஸ்ரீ விக்கிரம இராசசிங்கனுக்கும் பிரதானிகளுக்கும் இடையே எழுந்த பகையால், 1815இல் படை வந்தபோது ஊர்கள் முன்போல் எதிர்க்கவில்லை. மார்ச் 2ஆம் நாள் உடன்படிக்கை கைச்சாத்தாயிற்று. குதிரில் நெல் இருந்தும் ஒற்றுமை குன்றினால் அந்நெல் நாட்டைக் காவாது.

1817இல் ஊவா வெல்லசையில் கிளர்ச்சி எழுந்தபோது, மலைநாட்டின் உண்மையான அரண் எது என்பதை ஆங்கிலேயர் அறிந்திருந்தனர். ஆகவே வீடுகளையும் விளைச்சலையும் எரித்தனர், கால்நடைகளை அழித்தனர். 1818இல் கிளர்ச்சி அடங்கியது. அடுத்த சில ஆண்டுகளில், ஆள்பதி எட்வர்ட் பார்ன்ஸ் காலத்தில், கொழும்பிலிருந்து கண்டிக்குப் பெருஞ்சாலை அமைந்தது. அச்சாலை வழியே கோப்பிப் பயிர் மலையேறியது. 1840ஆம் ஆண்டின் முடிக்குரிய நிலச்சட்டம் காடுகளையும் சேனை நிலங்களையும் அரசுடைமையாகக் கொள்ள வழிவகுத்தது. அந்நிலங்கள் துரைமாருக்கு விற்கப்பட்டன.

தோட்டங்களில் உழைக்கத் தமிழகத்திலிருந்து ஏழைமக்கள் கடல் கடந்து வந்தனர். மன்னார்க் கரையிலிறங்கிக் காட்டுவழியாக மாத்தளை நோக்கி நடந்த அப்பயணத்தில் வழியிலேயே உயிர் நீத்தோர் பலர். அவர்களுக்குரிய அரிசியும் இந்தியாவிலிருந்தே கப்பலேறி வந்தது. கூலியில் ஒரு பகுதி அரிசியாகவே அளக்கப்பட்டது. முன்னர் மலைநாட்டுக்கு வெளியிலிருந்து வந்தது உப்பு. இப்பொழுது சோறே வெளியிலிருந்து வரலாயிற்று. 1867இல் கண்டிக்குப் புகைவண்டி வந்தது. 1869இல் கோப்பி இலையில் துருநோய் கண்டது. இருபது ஆண்டுகளுக்குள் அப்பெருந்தொழில் அழிந்தது. கண்டியை அடுத்த லூல்கந்துரைத் தோட்டத்தில் ஜேம்ஸ் டெய்லர் 1867இலேயே 19 ஏக்கரில் தேயிலை நட்டிருந்தமையால் தோட்டத்துரைமார் பிழைத்தனர். ஒரே பயிரை நம்பும் முறை மட்டும் மாறவில்லை.

அதன் விலை இரண்டாம் உலகப் போரில் தெரிந்தது. அக்காலத்தில் இலங்கை உண்ட அரிசியில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு வெளிநாட்டு அரிசி. அதிற் பெரும்பகுதி பர்மாவிலிருந்து வந்தது. 1942 மார்ச் மாதத்தில் இரங்கூன் யப்பானியர் வசமாயிற்று. பர்மா அரிசி நின்றது. பேராதனைப் பூங்காவில் நேசநாடுகளின் தென்கிழக்காசியத் தலைமையகம் 1944இல் வந்து அமர்ந்தபோது, சுற்றியுள்ள ஊர்களிலும் தோட்டங்களிலும் மக்கள் பங்கீட்டு அரிசிக்குக் காத்திருந்தனர். கோதுமை மா அப்போதுதான் எளியோர் அடுப்பில் நிலையான இடம் பெற்றது. தோட்டங்களின் ரொட்டி அந்தப் பஞ்சம் விட்டுச் சென்ற அடையாளமே. எனினும் அரிசியைப் பங்கிட்டு ஒவ்வொருவருக்கும் ஓரளவேனும் கிடைக்கச் செய்தமையால் பேரழிவு தவிர்க்கப்பட்டது. அடுத்த ஆண்டில், 1943இல், வங்காளத்தில் நேர்ந்த பஞ்சத்தை நினைத்தால் அதன் அருமை விளங்கும்.

சுதந்திரத்தின் பின்னரும் இவ்வச்சம் நீங்கவில்லை. 1952இல் சீனாவுடன் செய்த இறப்பர்-அரிசி ஒப்பந்தம், விற்பதற்கு உள்ளதைக் கொடுத்து வேண்டியதைப் பெறும் பழைய பாக்கு வாணிகத்தின் புதிய வடிவமாயிற்று. 1953இல் பங்கீட்டரிசியின் விலை 25 சதத்திலிருந்து 70 சதமாக உயர்ந்தபோது, ஆகஸ்ட் 12ஆம் நாள் நாடெங்கும் ஹர்த்தால் நடந்தது. பிரதமர் டட்லி சேனநாயக்க பதவி துறந்தார்.

மிகக் கொடிய சோதனை 1973, 1974ஆம் ஆண்டுகளில் வந்தது. உலகச் சந்தையில் உணவின் விலையும் எண்ணெயின் விலையும் ஏறின, பங்கீடு குறைந்தது. கிராமத்தவர்க்கு ஒரு பலாமரமேனும், ஒரு மரவள்ளிப் பாத்தியேனும் இருந்தது. 'லயன்' அறையில் வாழ்ந்த தோட்டத் தொழிலாளிக்கு அதுவும் இல்லை. வீடும் மண்ணும் தோட்டத்துடையவை. வேலை நாட்கள் குறைந்தபோது கூலியும் குறைந்தது. தோட்டங்களில் பட்டினிச் சாவுகள் நிகழ்ந்தன. இறப்பு வீதம் வெளிப்படையாக உயர்ந்தது. நாட்டுக்கு அந்நியச் செலாவணி தேடித் தந்த கைகளே வெறுங்கையாய் நின்றன. முன்னேற்பாடு செய்க என்று ஒருவருக்கு அறிவுரை கூறுமுன், அதற்குரிய நிலமும் கூலியும் அவருக்கு உண்டா என்று கேட்கவேண்டும் என்பதை அவ்விரண்டு ஆண்டுகள் உணர்த்தின.

2021இல் இரசாயன உர இறக்குமதி திடீரெனத் தடை செய்யப்பட்டது. பேராதனை வேளாண் அறிஞர் பலர் எச்சரித்தும், மாற்று வழிகளை வளர்ப்பதற்குக் காலம் கொடுக்கப்படவில்லை, விளைச்சல் சரிந்தது. 2022இல் அந்நியச் செலாவணி வற்றி, எரிபொருளுக்கும் எரிவாயுவுக்கும் மக்கள் நாட்கணக்கில் வரிசையில் நின்றனர். அவ்வாண்டு ஜூனில் அரசு ஊழியர் பயிர் செய்வதற்கென வெள்ளிக்கிழமை விடுமுறை அளிக்கப்பட்டது. பசி வந்த பின் விதைக்கும் விதை அன்றே சோறாகாது. நெருக்கடி வந்தபின் ஓர் ஆணையினால் தன்னிறைவை வரவழைக்க இயலாது. பலா காய்க்கப் பல ஆண்டு வேண்டும், மண் வளம் பெற அதனினும் வேண்டும்.

கண்டியின் வரலாறு கதவை அடைத்துக்கொள்ளுமாறு கூறவில்லை. மலைநாடு உப்பை என்றும் வெளியிலிருந்தே பெற்றது. அதற்கு ஈடாகப் பாக்கை வைத்திருந்தது. உணவு பலவகையாதல், அது பல இடங்களிற் பரவியிருத்தல், இல்லாத பொருள் எதுவென அறிந்து அதற்கு வழிதேடி வைத்தல், ஊரார் ஒருவரையொருவர் நம்புதல் ஆகிய நான்கும் கூடியபோது அந்நாடு நின்றது. ஒன்று குறைந்தபோது தளர்ந்தது.

1638இல் போர் நடந்த அதே கன்னொறுவையில், 1988 முதல் பயிர் மரபுவள நிலையம் ஒன்று இயங்கி வருகின்றது. யப்பானின் உதவியுடன் எழுந்த அந்நிலையத்தின் குளிர் அறைகளிலே மரபு நெல்வகைகளும் பிற பயிர்களின் விதைகளும் ஆயிரக்கணக்கிற் பாதுகாக்கப்படுகின்றன. ஏழு மாத நெல்லையும் மூன்று மாத நெல்லையும் உழவர் தம் குதிரிற் பேணிய பணியை இன்று நாடு தன் பொறுப்பாக ஏற்றிருக்கின்றது. விதை அங்கே உண்டு. அதனை ஊன்றுவதற்குச் சொந்த மண் இன்றும் பெரும்பாலான தோட்டக் குடும்பங்களுக்கு இல்லை. அக்குறை தீரும்வரை மலைநாட்டின் களஞ்சியம் நிறைந்ததாகக் கருதுவதற்கில்லை.