மூக்கில் நின்ற கொம்பு

சப்பாத்துப் பெட்டியொன்றைப் பக்கவாட்டில் நிறுத்தி, உட்புறத்துக்கு நீலவர்ணந் தீட்டி, அடியில் மணலும் பாசியும் பரப்பி, களிமண்ணாற் செய்த டைனோசர்களை அதனுள்ளே உலவவிடுவது எமது பாடசாலைச் சிறுவர்களுக்கு மிகவும் விருப்பமான கைவேலை. ஒருநாள் மேற்பார்வைக்குச் சென்றபோது, ஐந்தாம் வகுப்பு மாணவனொருவன் இகுவானடன் என்னும் விலங்கின் மூக்கிலே ஈர்க்குத் துண்டொன்றைக் கொம்பாக நாட்டியிருப்பதைக் கண்டேன். ஏதோ பழைய படமொன்றைப் பார்த்துச் செய்திருக்கிறான். பிழையென்று பிடுங்கக் கையை நீட்டிவிட்டேன். ஆயினும், இதே கொம்பை இதே இடத்தில் நாட்டிய பெருஞ் சிற்பியொருவரின் நினைவு வந்து என் கையைத் தடுத்தது.

1851ஆம் ஆண்டு இலண்டன் ஹைட் பூங்காவில் எழுந்த கண்ணாடி மாளிகை, பொருட்காட்சி முடிந்தபின் சிடன்ஹாம் என்னும் இடத்துக்கு மாற்றப்பட்டது. அதன் பூங்காவில், அழிந்தொழிந்த விலங்குகளை உயிருடனிருந்த அளவிலேயே அமைக்கும் பொறுப்பு பெஞ்சமின் வாட்டர்ஹவுஸ் ஹோக்கின்ஸ் என்பவரிடம் ஒப்படைக்கப்பட்டது. அவருக்கு ஆலோசகராயிருந்தவர், 1842இல் டைனோசர் என்னும் பெயரையே படைத்த றிச்சட் ஓவன். நிற்கும் இகுவானடன் ஒன்றுக்கு மாத்திரம் நான்கு இரும்புத் தூண்களும், 600 செங்கற்களும், 38 பீப்பாய் சீமெந்தும் சென்றனவாம்! 1853 டிசம்பர் 31ஆம் நாளிரவு அவ்விலங்கின் அச்சினுள்ளேயே மேசையிட்டு அறிஞர்களுக்கு விருந்தும் வைத்தார் ஹோக்கின்ஸ். விளம்பரத்தின் அருமையை நன்கறிந்த மனிதர்.

விருந்துக்குக் குறைவில்லை, எலும்புகளுக்கே குறைவு. சசெக்ஸ் பகுதியில் மருத்துவராயிருந்த கிடியன் மான்டெல், கிடைத்த பற்கள் இகுவானா என்னும் ஓணானின் பற்களை ஒத்திருக்கக் கண்டு, 1825இல் அவ்விலங்குக்குப் பெயரிட்டார். பின்னர் கிடைத்த கூர்மையான எலும்பொன்றை மூக்கின்மேல் வைத்து வரைந்தார். காண்டாமிருகத்தை அறிந்தவருக்கு அது பொருந்தாததாகத் தோன்றியிராது. ஹோக்கின்ஸும் அவ்வாறே நான்கு காலில் நிற்கும் பருத்த உருவொன்றைச் செய்து மூக்கிலே கொம்பை நாட்டினார். 1878இல் பெல்ஜியத்தின் பெர்னிசார் நிலக்கரிச் சுரங்கத்தில், 300 மீற்றருக்கும் கீழே, முழு எலும்புக்கூடுகள் பல வெளிப்பட்டன. அவற்றை ஆராய்ந்த லூயி டொல்லோவின் காலத்திலேதான் உண்மை துலங்கிற்று: அது கொம்பன்று, கையின் பெருவிரல் முள்!

ஹோக்கின்ஸை எண்ணி நகைப்பவருண்டு. எனக்கு நகைக்கத் தோன்றுவதில்லை. காட்சிவழிக் கல்வியைப்பற்றி 1854இலேயே உரை நிகழ்த்தியவர் அவர். அவருடைய உருவங்களின் சிறு மாதிரிகள் கற்பித்தலுக்கென விற்கப்பட்டன. அதனினும் பெரிது, 1868இல் அவர் பிலடெல்பியாவில் செய்த வேலை. அங்கே ஹட்ரோசோரஸ் என்னும் டைனோசரின் எலும்புகளைப் பொருத்தியபோது, முன்கால்கள் குறுகியிருக்கக் கண்டு, அதனைப் பின்கால்களில் நிமிர்த்தி நிறுத்தினார். பொருத்தி நிறுத்தப்பட்ட முதலாவது டைனோசர் எலும்புக்கூடு அதுவே. தமது பழைய உருவத்தைக் காப்பதற்காகப் புதிய எலும்பை அவர் வளைக்கவில்லை.

கண்ணாடி மாளிகை 1936இல் தீக்கிரையாயிற்று. சிலைகளோ இன்றும் அப்பூங்காவில் நிற்கின்றன, மூக்கிற் கொம்புடனேயே.

இவற்றையெல்லாம் அம்மாணவனுக்குச் சொன்னேன். அவன் சிறிது யோசித்து, “அப்போ அவையளுக்கு எத்தினை எலும்பு கிடைச்சது, சேர்?” என்றான். என் ஆசிரிய வாழ்வில் நான் பெற்ற நல்ல கேள்விகளுள் அது ஒன்று. மறுநாட் சென்று பார்த்தேன். ஈர்க்குத் துண்டு இரண்டாக முறிக்கப்பட்டு இரு கைகளிலும் ஏறியிருந்தது. மூக்கிலிருந்த துவாரத்தை மாத்திரம் அவன் அடைக்கவில்லை. நானும் அடைக்கச் சொல்லவில்லை.