காட்டுத்தீ மானியமும் பராமரிப்புக் கடமையும்: அமெரிக்கச் சமூகத் தீத்தடுப்பு நிதியுதவியை முன்வைத்து

முன்னுரை

2018 நவம்பர் 8ஆம் நாள் காலையில் கலிபோர்னியாவின் பியூட் மாவட்டத்தில் மின்கம்பித் தொடர் ஒன்றிலிருந்து கிளம்பிய தீ, சில மணி நேரத்தில் பாரடைஸ் என்னும் மலையூரைச் சாம்பலாக்கியது. ‘கேம்ப் தீ’ எனப் பதிவான அப்பேரிடரில் 85 பேர் உயிரிழந்தனர். 18,000க்கும் மேற்பட்ட கட்டடங்கள் அழிந்தன. மூன்று ஆண்டுகள் கழித்து, 2021 நவம்பரில் இயற்றப்பட்ட உள்கட்டமைப்புச் சட்டத்தின்கீழ், காட்டையொட்டிய ஊர்கள் தீ வருமுன் தம்மைக் காத்துக்கொள்ள ஐந்தாண்டுகளுக்கு 100 கோடி டாலர் ஒதுக்கப்பட்டது. ‘சமூகக் காட்டுத்தீத் தற்காப்பு மானியம்’ என்னும் இத்திட்டத்தை அமெரிக்க வனப் பணித்துறை நடத்துகிறது. உதவி பெற வேண்டிய ஊர்களை இனங்காண்பதில் இச்சட்டம் பெரிதும் சரியாக நடந்துகொண்டது. ஆனால், வேலை எவ்வளவு காலம் தொடர வேண்டும் என்பதை அது கணக்கில் கொள்ளவில்லை என்பதே இக்கட்டுரையின் வாதம்.

அணைப்பதிலிருந்து தடுப்பதற்கு

1995இல் வனப் பணித்துறையின் ஆண்டுச் செலவில் தீ தொடர்பான பணிகள் 16 விழுக்காடு. 2015இல் அது பாதியைத் தாண்டியது. தீயணைப்புக்குப் பணம் போதாத ஆண்டுகளில் காடு பராமரிப்புக்கும் தீத்தடுப்புக்கும் வைத்திருந்த பணத்தை எடுத்துச் செலவழித்தார்கள். தடுப்பு வேலை நின்றதால் காட்டில் சருகும் புதருமாக எரிபொருள் சேர்ந்தது. எரிபொருள் சேர்ந்ததால் அடுத்த தீ மேலும் பெரிதானது. இச்சுழலை உடைக்க 2018இல் நாடாளுமன்றம், 2020 நிதியாண்டு முதல் நடப்புக்கு வரும் வகையில் தீயணைப்புக்கெனத் தனி நிதி ஏற்பாட்டைச் செய்தது. அதே 2018இல் கலிபோர்னிய மாநிலமும் காட்டு நலத்துக்கும் தீத்தடுப்புக்கும் ஆண்டுக்கு 20 கோடி டாலர் வீதம் ஐந்தாண்டுகளுக்கு ஒதுக்கச் சட்டம் இயற்றியது.

தடுப்பு என்பது ஊரளவில் திட்டமிடப்பட வேண்டியது என்ற கருத்து அதற்கும் முந்தையது. 2003ஆம் ஆண்டின் காட்டு நல மீட்புச் சட்டம், ஊர் மக்களும் தீயணைப்புத் துறையும் மாநில வனத்துறையும் சேர்ந்து ‘சமூகக் காட்டுத்தீப் பாதுகாப்புத் திட்டம்’ ஒன்றை எழுத வழிவகுத்தது. எந்தச் சரிவில் புதர் வெட்டுவது, எந்தச் சாலையோரத்தைத் துப்புரவாக வைப்பது, எந்த வீடுகளுக்கு முதலில் உதவுவது என்பதை ஊரே வரிசைப்படுத்தும் ஆவணம் அது. 2021ஆம் ஆண்டின் மானியம் இந்த அடித்தளத்தின்மேல் எழுப்பப்பட்டது.

சட்டத்தின் நற்கூறுகள்

பாதுகாப்புத் திட்டம் எழுதவோ புதுப்பிக்கவோ 2,50,000 டாலர் வரையும், திட்டத்திலுள்ள வேலைகளைச் செய்ய ஒரு கோடி டாலர் வரையும் ஒரு சமூகம் கேட்கலாம். தீ அபாயம் மிகுந்த இடங்கள், வருவாய் குறைந்த ஊர்கள், பெரும் பேரிடருக்கு அண்மையில் ஆளானவை ஆகிய மூன்றுக்கும் முன்னுரிமை உண்டு. ஊரின் சொந்தப் பங்கு, திட்டம் எழுத 10 விழுக்காடு, வேலைக்கு 25 விழுக்காடு. வசதியற்ற ஊர்களுக்கு இதைத் தள்ளுபடி செய்யவும் இடமுண்டு. 2023 மார்ச்சில் அறிவிக்கப்பட்ட முதல் சுற்றில் 22 மாநிலங்களையும் 7 பழங்குடி அரசுகளையும் சேர்ந்த 100 பணிகளுக்கு ஏறத்தாழ 19.7 கோடி டாலர் கிடைத்தது.

இன்னொரு விதி தனிக் கவனத்துக்குரியது. புதுக் கூரைகள் தீத்தாங்கும் தரத்தில் அமைய வேண்டும் என்று உள்ளூர் விதி இயற்றாத இடங்களுக்கு வேலை மானியம் கிடையாது. காட்டில் மட்டும் பணத்தைக் கொட்டி வீட்டை மறந்துவிடக் கூடாது என்ற தெளிவு இதில் தெரிகிறது.

வீடு பற்றும் விதம்

அத்தெளிவுக்கு ஆராய்ச்சி அடிப்படை உண்டு. வனப் பணித்துறையின் ஆய்வாளர் ஜாக் கோஹன், வீடு பற்றுவதும் தப்புவதும் பெரும்பாலும் அந்த வீட்டின் கட்டுமானத்தாலும் அதைச் சுற்றியுள்ள ஏறக்குறைய 100 அடி நிலத்தாலும் தீர்மானமாகின்றன என்று காட்டினார். பெரும் தீச்சுவர் வந்து வீட்டை மூடுவதைவிட, காற்றில் பறந்து வரும் கங்குகள் வீட்டோடு ஒட்டிய நொய்ந்த இடங்களைத் தேடிப் பிடிப்பதே அதிகம். கூரை விளிம்பின் மழைநீர்த் தகரத்தில் சேர்ந்த பைன் சருகு, சுவரடியில் அழகுக்குப் பரப்பிய மரச்சில்லுகள், மரத் தளத்தின் கீழே அடுக்கிய விறகு, வலையில்லாத காற்றுத் துளை: இவற்றில் ஏதேனும் ஒன்றில் கங்கு விழுந்தால் போதும். பிறகு அந்த வீடே அடுத்த வீட்டுக்கு எரிபொருளாகிறது. பாரடைஸ் ஊரின் வீடுகளை ஆராய்ந்தவர்கள், 1997க்கு முன் கட்டியவற்றில் 11.5 விழுக்காடும் 1997 முதல் கட்டியவற்றில் 38.5 விழுக்காடும் தப்பியதாகக் கண்டனர். எரிந்த வீடு எவ்வளவு அருகில் இருந்தது என்பதும் முடிவைப் பெரிதும் தீர்மானித்திருந்தது.

இதிலிருந்து இரண்டு உண்மைகள் பெறப்படுகின்றன. முதலாவது, ஒரு வீட்டின் பாதுகாப்பு அண்டை வீட்டாரின் கையிலும் இருக்கிறது. ஆகவே இது பொதுப்பொருள். இரண்டாவது, அந்தப் பாதுகாப்பின் பெரும்பகுதி திரும்பத் திரும்பச் செய்ய வேண்டிய சிறு வேலைகளால் ஆனது. சருகு ஒவ்வோர் ஆண்டும் உதிரும்.

பணத்தின் காலமும் புதரின் காலமும்

மானியம் முதலில் தடுமாறும் இடம் இதுவே. அதன் வேலைகள் ஐந்தாண்டுக்குள் முடிய வேண்டும். முடிந்ததும் கணக்கு முடிக்கப்படும். கலிபோர்னியாவின் புல் ஆண்டுதோறும் முளைத்துக் கோடையில் காய்கிறது. சாப்பரல் எனப்படும் புதர்க்காட்டின் செடிகள் பல, வெட்டிய பின்னும் வேர்க்கட்டையிலிருந்து துளிர்ப்பவை. தீ பரவாமலிருக்க வெட்டிய எரிதடைப் பட்டையைப் பேணாமல் விட்டால் சில ஆண்டுகளில் அது மீண்டும் புதராகும். ஆனால் முடிவறிக்கையில் ‘இத்தனை ஏக்கர் சீரமைக்கப்பட்டது’ என்ற எண் அப்படியே நிற்கும். கூட்டரசின் தீத்தடுப்பு மானியத்தில் ஒரு டாலருக்கு மூன்று டாலர் இழப்பு தவிர்க்கப்படுகிறது என்று தேசியக் கட்டட அறிவியல் நிறுவனம் 2019இல் கணித்தது. செய்த வேலை நிலைத்து நின்றால்தான் இத்தகைய பயன் கைக்கு வரும்.

கலிபோர்னியாவின் கிளாமத் ஆற்றுப் பகுதியில் வாழும் காருக், யூரோக் பழங்குடி மக்கள் காலங்காலமாகச் சிறு தீ மூட்டிக் காட்டைப் பேணியவர்கள். புல்வெளிக்குத் தீ வைப்பதை 1850ஆம் ஆண்டின் கலிபோர்னியச் சட்டம் தண்டனைக்குரியதாக்கியது. இன்று அவ்வழக்கத்தை அரசே மதித்து உதவ முன்வருகிறது. ஆயினும் தலைமுறை தலைமுறையாகச் சுழன்று வரும் வேலையை ஐந்தாண்டுப் பணிக்குள் அடக்க முடியாது.

இரண்டாவது தடுமாற்றம் ஆளைப் பற்றியது. இம்மானியம் போட்டி முறையில் வழங்கப்படுவது. போட்டியில் கலந்துகொள்ள, பத்தாண்டுக்குட்பட்ட பாதுகாப்புத் திட்டமும், வரைபடமும், செலவு மதிப்பீடும், நில உரிமையாளர் ஒப்புதலும் வேண்டும். பணமோ பெரும்பாலும் செலவு செய்தபின் திருப்பித் தரப்படுவது. சம்பளத்துக்கு ஒருவரை வைத்திருக்கும் மாவட்டத்துக்கு இது இயலும். தன்னார்வலர் சிலரை மட்டும் நம்பியிருக்கும் மலையூருக்கு எளிதன்று. பங்குத்தொகையைத் தள்ளுபடி செய்யலாம். விண்ணப்பம் எழுத ஆளில்லாத குறையைத் தள்ளுபடி செய்ய இயலாது.

எதிர்வாதங்கள்

தனியார் நிலத்தைப் பேண ஆண்டுதோறும் பொதுப்பணம் தருவது முறையா என்று கேட்பவர் உண்டு. முறையே என்பது என் துணிபு. அந்த நிலத்தில் பற்றும் தீயை அணைப்பது பொதுப்பணம். பேரிடருக்குப்பின் மீட்பதும் பெருமளவு பொதுப்பணம். சொந்தச் செலவில் செய்ய வல்லவரிடம் விதிகளின் மூலம் கடமையைக் கேட்கலாம். ஏணி ஏற முடியாத முதியவரிடமும் ஆளமர்த்த வசதியற்றவரிடமும் அபராதச் சீட்டு பயன் தராது. போட்டி இருந்தால்தான் தரம் இருக்கும் என்பது மற்றொரு வாதம். பெரிய வேலைகளுக்கு அது பொருந்தும். ஆனால் போட்டி அளப்பது விண்ணப்பத்தின் தரத்தை. அபாயத்தின் அளவுக்கும் அதற்கும் கட்டாயத் தொடர்பில்லை.

முடிவுரை

எனவே நிதியை மூன்று அடுக்காகப் பிரிக்க வேண்டும். முதல் அடுக்கு, அபாயமும் வறுமையும் மிகுந்த மாவட்டங்களுக்குப் போட்டியின்றி ஒரு முழுநேர ஒருங்கிணைப்பாளரின் சம்பளம். கலிபோர்னியாவில் மாவட்ட ஒருங்கிணைப்பாளர்களுக்கு நிதி தரும் ஏற்பாடு ஏற்கெனவே இருப்பதால் இது கைகூடாத கனவு அன்று. இரண்டாவது அடுக்கு, ஒருமுறை சீரமைத்த இடத்துக்கான பராமரிப்புத் தொகை. வேலை நிலைத்திருப்பதை நேரில் பார்த்து உறுதிசெய்த பின் ஆண்டுதோறும் தரத்தக்கது. மூன்றாவது அடுக்கில் மட்டும் இப்போதைய போட்டி மானியம் தொடரலாம். ஏக்கர்க் கணக்கோடு, ஐந்தாண்டுக்குப்பின் எத்தனை ஏக்கர் எரிதடையாக எஞ்சியுள்ளது, எத்தனை வீடுகளைச் சுற்றி முதல் ஐந்தடி எரிபொருளின்றி இருக்கிறது என்பனவும் வெற்றியின் அளவுகோலாக வேண்டும்.

2025 ஜனவரியில் லாஸ் ஏஞ்சலிஸ் வட்டாரத்தில் எரிந்த இரு பெரும் தீக்களில் 16,000க்கும் மேற்பட்ட கட்டடங்கள் அழிந்தன. இத்தகைய அழிவுக்குப்பின் புதிய ஒதுக்கீடுகள் அறிவிப்பது அரசுகளுக்கு எளிது. ஊர் எரியாத ஆண்டுகளிலும் புதர் வெட்டுபவருக்குக் கூலி தவறாமல் போய்ச் சேரும் ஏற்பாட்டைச் சட்டத்திலேயே எழுதுவதுதான் கடினம். 100 கோடி டாலரின் ஐந்தாண்டுத் தவணை முடியும் இவ்வேளையில் அரசு செய்ய வேண்டிய முதல் திருத்தம் அதுவே.