செம்பு போர்த்திய கலங்கள்

திருவண்ணாமலையில் வாழும் நமக்குக் கடல் தொலைவுதான். ஆயினும் வேளாங்கண்ணிக்குச் செல்லும் நம் மக்கள் நாகப்பட்டினக் கரையில் அணிவகுத்து நிற்கும் விசைப்படகுகளைக் கண்டிருப்பர். செம்போ நமக்கு மிகவும் நெருங்கிய உலோகம். வீட்டிலே செம்புக் குடம். ஊரிலே கார்த்திகைத் தீபத்தன்று மலையுச்சியில் சுடர் ஏந்தும் செப்புக் கொப்பரை. இதே செம்பு, கடலோடும் கலங்களுக்கு 260 ஆண்டுகளுக்கு மேலாகக் காவல் புரிந்து வருகிறது. அவ்வரலாற்றை இங்கு நாம் சுருக்கமாகக் காண்போம்.

கடல்நீரில் கிடக்கும் எப்பொருளின் மீதும் சில நாட்களுக்குள் வழுவழுப்பான படலம் ஒன்று படிகிறது. அதன்மேல் பாசி முளைக்கிறது. பின்னர்ச் சுண்ணாம்பு ஓடுடைய சிற்றுயிர்கள் வந்து இறுக ஒட்டிக்கொள்கின்றன. அடிப்பாகம் சொரசொரப்பானால் கலம் நீரைக் கிழித்துச் செல்லத் திணறும். அதே தொலைவுக்குக் கூடுதல் டீசல் செலவாகும். மரக்கலத்துக்கு வேறொரு பகையும் உண்டு. கப்பற்புழு எனப்படும் அது உண்மையில் சிப்பி இனத்தைச் சேர்ந்தது. வெளியே தெரியாமல் மரத்தை உள்ளே துளைத்துத் தின்றுவிடும்.

நம் கடலோர முன்னோர் இதற்கு எளிய வழி கண்டிருந்தனர். கட்டுமரத்தை மீன்பிடித்துத் திரும்பியதும் கரையேற்றி, கட்டவிழ்த்து உலர வைத்தனர். நாள்தோறும் உலரும் மரத்தில் கடலுயிர் குடியேற இயலாது. வள்ளங்களுக்கு மீன் எண்ணெயும் முந்திரிக்கொட்டை எண்ணெயும் பூசினர். ஆனால் மாதக்கணக்கில் நீரிலேயே மிதக்கும் பெருங்கப்பலை நாள்தோறும் கரையேற்றுவது எங்ஙனம்?

இக்கேள்விக்கு விடையாக 1761-ஆம் ஆண்டு பிரித்தானியக் கடற்படை 'அலாரம்' என்னும் போர்க்கப்பலின் அடிப்பாகம் முழுவதையும் செப்புத் தகடுகளால் போர்த்தியது. மேற்கிந்தியக் கடலுக்குச் சென்று வந்த அக்கப்பலை 1763-இல் சோதித்தபோது, செம்பு இருந்த இடத்தில் புழுவும் இல்லை, பாசியும் இல்லை. ஆனால் தகடுகளைத் தாங்கிய இரும்பு ஆணிகள் பல அரித்துப் போயிருந்தன! உப்புநீரில் செம்பும் இரும்பும் தொட்டுக்கொண்டால் இரும்பே கரையும் என்பதை அன்று அனுபவம் கற்பித்தது. தகடு சுற்றி வந்த பழுப்புத்தாள் இடையில் தங்கியிருந்த இடங்களில் மட்டும் இரும்பு பழுதின்றி இருந்தது. பின்னர் இரும்பு ஆணிகளுக்குப் பதிலாகச் செம்புக் கலவை ஆணிகள் வந்தன.

இவ்வரலாற்றில் நம் நாட்டுக்கும் பங்குண்டு. பம்பாய்த் துறையில் வாடியா குடும்பத்தார் தேக்கு மரத்தால் போர்க்கப்பல்கள் கட்டினர். அங்கே உருவாகிக்கொண்டிருந்த 'கார்ன்வாலிஸ்' கப்பலுக்கான செம்பையும், 'திருக்கோணமலை' என்னும் கப்பலுக்கான வரைபடங்களையும் ஏற்றி வந்த 'ஜாவா' 1812 டிசம்பரில் பிரேசில் கரைக்கப்பால் அமெரிக்கரிடம் வீழ்ந்தது. வரைபடங்கள் மீண்டும் அனுப்பப்பட வேண்டியதாயிற்று. தமிழ் ஊரின் பெயர் தாங்கிய அந்தக் கப்பல் 1817 அக்டோபர் 12-இல் கடலில் இறக்கப்பட்டது. இன்றும் இங்கிலாந்தின் ஹார்ட்டில்பூல் நகரில் அது மிதந்துகொண்டிருக்கிறது.

செம்பு காப்பது எவ்வாறு? 1824-இல் விஞ்ஞானி ஹம்ஃப்ரி டேவி, விலையுயர்ந்த தகடு வீணே கரைகிறதே என எண்ணி, அதனுடன் சிறு இரும்பு அல்லது துத்தநாகத் துண்டுகளை இணைத்தார். அவர் எண்ணியபடியே செம்பு கரைவது நின்றது. ஆனால் கப்பலின் அடியில் பாசியும் சிப்பியும் மீண்டும் அடர்ந்து வளர்ந்தன! செம்பு நீரில் சிறிது சிறிதாகக் கரைவதால்தான் அவ்வுயிர்கள் அண்டாதிருந்தன என்பது அப்போது தெளிவாயிற்று. தேயாத செம்பு காக்காது.

இரும்புக் கப்பல்கள் வந்தபின் செப்புத் தகட்டை நேரே பொருத்த வழியில்லை. எனவே செம்பு ஆக்சைடு கலந்த வண்ணப்பூச்சுகள் தோன்றின. எஃகின்மேல் முதலில் எபாக்சிப் பிசினைப் பல அடுக்காகப் பூசி, அதன்மேல் செம்புப் பூச்சைப் பூசுகின்றனர். எஃகையும் செம்பையும் தொடவிடாமல் பிரித்து, நீரையும் தடுப்பது எபாக்சியே. அன்று பழுப்புத்தாள் தற்செயலாகச் செய்த பணியை இன்று எபாக்சி திட்டமிட்டுச் செய்கிறது எனலாம். ஃபைபர் படகுகளுக்கு எபாக்சியிலேயே செம்புத்தூளைக் கலந்து பூசும் முறையும் உண்டு. பூச்சு காய்ந்தபின் மேற்பரப்பை மெல்லத் தேய்த்துவிட வேண்டும். இல்லையேல் செம்பு பிசினுக்குள் மூடுண்டு பயன்தராது.

ஆனால் படகைக் காப்பது கடலைக் கெடுக்கவும் கூடும். செம்பைவிட வலியதென்று கருதி வெள்ளீயச் சேர்மப் பூச்சுகளை உலகம் ஏற்றது. பிரான்சின் ஆர்க்காஷோன் விரிகுடாவில் சிப்பிகளின் ஓடுகள் உருக்குலைந்து, சிப்பி வளர்ப்போர் பிழைப்பிழந்தனர். 1982-இல் அந்நாடு சிறு படகுகளில் அதற்குத் தடை விதித்தது. 2001-இல் உருவான பன்னாட்டு ஒப்பந்தம் 2008-இல் நடைமுறைக்கு வந்து அதை எல்லாக் கப்பல்களிலும் விலக்கியது. செம்பு அத்துணைக் கொடியதன்று. எனினும் நெரிசலான துறைமுகத்தின் தேங்கிய நீரிலும் சேற்றிலும் அது சேர்ந்தால், மீன்குஞ்சுக்கும் இறாலுக்கும் தீங்கே.

நம் கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் மீன்பிடித் தடைக்காலம். படகுகள் கரையேற்றப்பட்டு, சுரண்டப்பட்டு, புதிதாய் வண்ணம் பெறுவது அப்போதுதான். சுரண்டிய தூளை நீரில் தள்ளாமல் திரட்டி அகற்றுவதும், சுரண்டும் தொழிலாளி மூக்கையும் வாயையும் மூடிக்கொள்வதும் பெருஞ்செலவு பிடிக்கும் காரியங்கள் அல்ல. இனப்பெருக்கக் காலத்தில் மீனுக்கு ஓய்வளிக்கவே தடை என்றால், அதே நாட்களில் அதன் குஞ்சு வளரும் நீரில் நஞ்சைக் கொட்டுவது பொருந்துமா? தேயும் செம்பு படகைக் காக்கட்டும்; தேய்ந்த செம்பு போய்ச் சேரும் இடத்தைக் காப்பது நம் பொறுப்பு. மலையடிவாரத்தில் வாழ்ந்தாலும் அக்கடலின் மீனை உண்ணும் நமக்கும் அதில் பங்குண்டு.